சோறு குழைந்தது, முட்டை ஒட்டியது: ஒற்றை அடுப்புச் சமையலில் பிழை பார்த்துச் சரிசெய்தல்

கல்லூரிக் காலத்தில் என் அறையில் இருந்தவை ஒரு மின் அடுப்பு, ஒரு பாத்திரம், ஒரு வாணலி, கைப்பிடி ஆடும் ஒரு கத்தி. சமையல் குறிப்புகளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஆனால் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாம் நல்லபடியாக நடந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும்தான் எழுதுகிறார்கள். பாத்திரத்துக்குள் கஞ்சி போல ஏதோ ஒன்று பொங்கிக்கொண்டிருக்க, வகுப்புக்குக் கிளம்ப அரை மணி நேரமே இருக்க, ‘கொத்தமல்லி தூவிச் சூடாகப் பரிமாறவும்’ என்ற வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே இதைத் தலைகீழாக எழுதுகிறேன். கெட்டுப்போனது எது என்று பாருங்கள், அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். முதலிலிருந்து கடைசிவரை படிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். நான் பாழாக்கிய சாப்பாடுகளில் மசாலா தவறியது அபூர்வம். பெரும்பாலும் தீ கூடியிருந்தது, இல்லையென்றால் நீர் கூடியிருந்தது. குறிப்பை மாற்றுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் சந்தேகப்படுங்கள்.

## சோறு குழைந்து களியாகிவிட்டது

ஒருநாள் இரவு நண்பர்கள் இருவர் சாப்பிட வந்தார்கள். ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் நீர் என்பது எனக்குக் கைவந்த கணக்கு, ஒருமுறைகூடப் பிசகியதில்லை. மூவருக்கும் சேர்த்து மூன்று கப் அரிசி போட்டு ஆறு கப் நீர் ஊற்றினேன். மூடியைத் திறந்தால் களி. கரண்டியால் வெட்டி வெட்டி எடுத்துச் சாப்பிட்டோம். வந்தவர்கள் நல்லவர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

பெருக்கலில் தவறு இல்லை, பெருக்கியதுதான் தவறு. அரிசி உறிஞ்சுவது ஏறத்தாழ அதன் கொள்ளளவுக்குச் சமமான நீரைத்தான். அதற்கு மேல் ஊற்றுவது ஆவியாகிப் போவதற்காக. ஆவியாகும் அளவு பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், மூடி எவ்வளவு இறுக்கம், எத்தனை நிமிடம் வேகிறது என்பதைப் பொறுத்தது. உள்ளே எத்தனை கப் அரிசி இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. ஆகவே ஒரு கப்புக்கு இரண்டு கப் சரியாக வரும் பாத்திரத்தில் மூன்று கப்புக்கு நாலு, மிஞ்சினால் நாலரை கப் நீர் போதும். தீட்டாத அரிசியும் புழுங்கலரிசியும் இன்னும் கொஞ்சம் கேட்கும். ஒருமுறை சரியாக வந்த அளவை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பாத்திரம் மாறினால் அந்தத் தாள் செல்லாது.

ஏற்கெனவே குழைந்துவிட்டதா? நீர் தேங்கி நின்றால் வடித்துவிட்டு அகலமான தட்டில் பரப்புங்கள், ஆவி போகப்போகக் கொஞ்சம் இறுகும். அதையும் தாண்டிவிட்டால் மீட்க முயலாதீர்கள். இன்னும் இரண்டு கப் வெந்நீர், உப்பு, நசுக்கிய இஞ்சி சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஒரு முட்டையை அடித்து நூல் போல ஊற்றிக் கலக்குங்கள். நல்ல கஞ்சி. வேண்டுமென்றே செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

## மேலே பச்சை, அடியில் கருகல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுவதும் ஒரே சூடாக இருந்தால்தான் அது உண்மை. மாணவர் அறையில் இருக்கும் மெல்லிய தகட்டுப் பாத்திரத்தில் அடியில் எடுத்த பருக்கை ஒன்று சொல்லும், மேலே எடுத்த பருக்கை வேறொன்று சொல்லும்.

கிளறாதீர்கள். கிளறினால் கருகல் வாடை சோறு முழுக்கப் பரவிவிடும். கருகல் லேசானது என்றால் நான்கு கரண்டி வெந்நீரை மேலாகத் தெளித்து, இறுக்கமாக மூடி, இருப்பதிலேயே குறைந்த தீயில் ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். இந்தப் பத்து நிமிடம்தான் பலரும் விட்டுவிடும் படி. உள்ளே நிற்கும் ஆவி மேலும் கீழும் சமமாகப் பரவி மீதியை வேகவைக்கும். கருகல் கடுமையானது என்றால் மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அடியைச் சுரண்டாதீர்கள். கருகிய பாத்திரத்தில் நீரும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் பாதிக் கருகல் தானே உரிந்துவரும். அலுமினியப் பாத்திரத்துக்குச் சோடா ஆகாது, கறுத்துவிடும். அதற்கு வெறும் வெந்நீர்.

இண்டக்ஷன் அடுப்புக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பல சாதாரண மாதிரிகளில் குறைந்த சூடு என்று நாம் வைப்பது தொடர்ச்சியான சிறுதீ அல்ல. சில நொடி முழு வேகத்தில் எரியும், சில நொடி அணைந்து கிடக்கும். சராசரிதான் குறைவு. காது கொடுத்துக் கேட்டால் கொதி எழுவதும் அடங்குவதும் மாறி மாறிக் கேட்கும். மெல்லிய பாத்திரம் இதைத் தாங்காது. ஒரே ஒரு பாத்திரம்தான் வாங்க முடியும் என்றால் அடிகனமான ஒன்றை வாங்குங்கள். புதுக் கரண்டி, புது மிக்சி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

## அடுப்பு பாத்திரத்தையே ஏற்கவில்லை

இண்டக்ஷன் என்றால் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் வேலை செய்யும். அலுமினியம், செம்பு, கண்ணாடி ஆகியவை ஒட்டாது. எவர்சில்வரில் சில ஒட்டும், சில ஒட்டாது. கடைக்குப் போகும்போது குளிர்பெட்டிக் கதவில் இருக்கும் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும்.

## முட்டை வாணலியில் ஒட்டிக் கிழிகிறது

மாணவரின் முதல் சமையல் முட்டை. முதல் தோல்வியும் அதுவே. காரணம் அவசரம். வாணலி சூடாவதற்குள் எண்ணெய், எண்ணெய் சூடாவதற்குள் முட்டை. குளிர்ந்த உலோகத்தில் விழுந்த வெள்ளைக்கரு உலோகத்தோடு சேர்ந்தே சூடாகி, அதைப் பிடித்துக்கொண்டே இறுகுகிறது.

வாணலியை நடுத்தரத் தீயில் ஒரு நிமிடம் வையுங்கள். விரல் நுனியால் ஒரு சொட்டு நீர் தெளியுங்கள். சொட்டு அப்படியே கிடந்தால் இன்னும் சூடு வரவில்லை. சுர்ரென்று பொரிந்து உடனே மறைந்தால் சரியான சூடு. பாதரசம் போல உருண்டையாகத் திரண்டு அங்கும் இங்கும் ஓடினால் முட்டைக்கு அது மிதமிஞ்சிய சூடு, அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுங்கள். இப்போது எண்ணெய் விட்டு வாணலியைச் சாய்த்துப் பரவவிட்டு, முட்டையை உடைத்து ஊற்றுங்கள்.

அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கண்ணாடி போல இருந்த வெள்ளைக்கரு ஓரத்திலிருந்து பால் நிறமாகும். அது நடுவை நோக்கி நகரும். ஓரம் லேசாகச் சரிகை கட்டும். அந்தச் சரிகை தெரிந்தபின் கரண்டியை அடியில் விட்டால் முட்டை தானாக விடுபடும். அதற்கு முன்னால் தொட்டால் கிழியும். ஒட்டாத பூச்சு உள்ள வாணலியானால் வெறுமனே சூடாக்க வேண்டாம், பூச்சு கெடும். எண்ணெயை முதலிலேயே விட்டுவிட்டு மிதமான தீயில் ஆரம்பியுங்கள். இரும்புக் கரண்டியையும் அதில் போடாதீர்கள்.

கிளறிய முட்டை நீர் விட்டு ரப்பர் போல ஆகிறதா? தீ அதிகம். முட்டையின் புரதம் 60 சொச்சம் டிகிரி செல்சியஸிலேயே இறுகத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகும் சூடாக்கிக்கொண்டே போனால் துணியைப் பிழிவது போலத் தன்னுள் இருக்கும் நீரை வெளியே தள்ளும். இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கிறதே என்று தோன்றும்போதே இறக்குங்கள். வாணலியின் சூடே மீதியை முடித்துவிடும்.

வேகவைத்த முட்டை ஓட்டோடு சதையும் பிய்த்துக்கொண்டு வருகிறது என்றால் முட்டை மிகப் புதியது. முட்டை பழகப்பழக ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது, உள்தோல் பிடியைத் தளர்த்துகிறது. புதியதுதான் கையில் இருக்கிறது என்றால் தண்ணீரில் போட்டுச் சூடாக்காமல், கொதிக்கும் நீரில் நேராக இறக்குங்கள். ஏழு நிமிடத்தில் மஞ்சள் கரு இளகலாக இருக்கும், பதினோரு நிமிடத்தில் கெட்டியாகும். எடுத்த உடனே குளிர்நீரில் போடுங்கள். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சைச் சாம்பல் வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதிகம் வெந்ததால் வெள்ளையில் இருக்கும் கந்தகமும் மஞ்சளில் இருக்கும் இரும்பும் சேர்ந்த கறை அது, கெடுதல் இல்லை.

## காய் வதங்காமல் நீரில் நீந்துகிறது

பொன்னிறமாக வதக்கவும் என்று குறிப்பு சொல்கிறது. வாணலியிலோ வெளிறிய காய்கள் குளித்துக்கொண்டிருக்கின்றன. தீயைக் கூட்டினாலும் பலன் இல்லை.

உணவு பொன்னிறமாகிப் புது மணம் பெறும் வேதிவினையை 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் விவரித்தார். சமையலில் அது விறுவிறுப்பாக நடக்க ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். நீர் இருக்கும்வரை வாணலியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, வருகிற சூடெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். நீர் எங்கிருந்து வந்தது? கழுவிய கையோடு துடைக்காமல் போட்ட காயிலிருந்து வந்திருக்கலாம். முதலிலேயே போட்ட உப்பு காயின் உள்நீரை இழுத்திருக்கலாம். என் அனுபவத்தில் முக்கியக் குற்றவாளி கூட்டம்தான். சிறிய வாணலியில் மூன்று பேருக்கான காயைக் குவித்தால் அடியிலிருந்து எழும் ஆவி வெளியேற வழியின்றி மேலே உள்ள காயில் படிந்து மறுபடி நீராகிறது.

தேங்கிய நீரை ஒரு கிண்ணத்தில் சாய்த்து வையுங்கள், கொட்ட வேண்டாம், பிறகு குழம்புக்கோ நூடுல்ஸுக்கோ ஆகும். பாதிக் காயைத் தட்டில் எடுத்துவிட்டு, மீதியை ஒற்றை அடுக்காகப் பரப்பி, மூடாமல், இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு அடுத்த பாதி. உப்பு கடைசியில். இரண்டு முறை வதக்க நேரம் ஏது என்பீர்கள். நீர் வற்றுவதற்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் இதுதான் சீக்கிரம் முடியும்.

பூண்டை வெங்காயத்தோடு சேர்த்துப் போட்டுக் கருக்கிவிட்டு, கசப்பு எங்கிருந்து வந்தது என்று தேடாதீர்கள். வெங்காயம் நிறம் மாறியபின் பூண்டு, அரை நிமிடம் போதும். கருகிய பூண்டுக்கு மருந்து இல்லை. எண்ணெயோடு சேர்த்துக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

## வெளியே சிவந்து உள்ளே வேகாமல்

உருளைக்கிழங்கு என்றால் துண்டு பெரிது. ஒரு செண்டிமீட்டர் சதுரமாக நறுக்கி, இரண்டு கரண்டி நீர் தெளித்து மூடி, ஐந்தாறு நிமிடம் ஆவியில் வேகவிட்டு, பிறகு மூடியை எடுத்து நீரை வற்றவைத்து எண்ணெயில் சிவக்கவிடுங்கள். முளைவிட்டுப் பச்சை நிறம் ஏறிய கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை பெரும்பகுதியில் பரவியிருந்தால் தூக்கிப் போடுங்கள். அதில் சொலனைன் என்ற நச்சு கூடியிருக்கும், வேகவைத்தாலும் போகாது.

கோழி என்றால் சுவையைவிடப் பெரிய விஷயம். மிகத் தடித்த துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் துண்டுகளை மெல்லியதாக வெட்டிச் சமைத்துவிடுவது பாதுகாப்பு. இறக்கும் முன் தடித்ததைப் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவுவதால் கிருமி சாவதில்லை, தெறிக்கும் நீரில் தொட்டி, பலகை, பக்கத்தில் இருக்கும் தட்டு வரைக்கும் பரவுகிறது. பழக்கத்தை விடுவது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது.

## உப்பு கரிக்கிறது, காரம் எரிக்கிறது, அல்லது சப்பென்று இருக்கிறது

உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போடு, இழுத்துக்கொள்ளும் என்று எல்லாரும் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை, உப்பு நீரை அப்படியே உறிஞ்சுகிறது. எஞ்சிய குழம்பின் கரிப்பு அதே கரிப்புதான். அளவைப் பெருக்குவது ஒன்றே வழி. நீர், தக்காளி, உப்பில்லாமல் வேகவைத்த பருப்பு, சோறு, எது இருக்கிறதோ அது. மிஞ்சினால் நாளைக்கு ஆயிற்று.

காரத்துக்குத் தண்ணீர் உதவாது. மிளகாயின் கேப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தயிர், பால், வெண்ணெய், நிலக்கடலை விழுது இவற்றில் ஒன்றைக் கலக்குங்கள். வாய் எரிந்தாலும் அதே வைத்தியம்.

சப்பென்று இருந்தால் கை உடனே மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் போகும். நிறுத்துங்கள். ஒரு கரண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து, அதில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு போட்டுச் சுவையுங்கள். தேறவில்லை என்றால் இன்னொரு கரண்டியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள். பத்தில் ஆறேழு முறை புளிப்புதான் குறையாக இருந்திருக்கிறது என்பதை நான் கண்டுகொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின. முழுப் பாத்திரத்தையும் பணயம் வைக்காமல் ஒரு கரண்டியில் சோதித்துப் பார்ப்பதுதான் இதில் இருக்கும் ஒரே வித்தை.

## பருப்பு, பயறு எத்தனை நேரமானாலும் வேகவில்லை

மூன்று பேரைச் சந்தேகப்படலாம். பயறு பழையது. நீர் கடினநீர், அதில் உள்ள கால்சியம் பயற்றின் செல்சுவரை இறுக்கிப் பிடிக்கிறது. அல்லது தக்காளியையோ எலுமிச்சையையோ வேகும் முன்பே போட்டுவிட்டீர்கள், புளிப்பும் அதே வேலையைத்தான் செய்யும். புளிப்பானவை எல்லாம் பயறு மலர்ந்த பிறகு. கடினநீருக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா, அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை அடிக்கும்.

இரவே ஊறப்போட மறந்தவர்களுக்குச் சிறிய ஆரஞ்சு நிறப் பருப்பு கைகொடுக்கும், ஊறாமலே இருபது நிமிடத்தில் கரையும். அரைக் கப் அரிசி, கால் கப் இந்தப் பருப்பு, இரண்டேகால் கப் நீர், உப்பு, நறுக்கிய ஏதாவது ஒரு காய், எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு மூடிச் சிறுதீயில் வைத்தால் ஒரு வேளைச் சாப்பாடு. மேலே ஒரு தேக்கரண்டி வெண்ணெய். ஒரே பாத்திரம்தான் கழுவ வேண்டும்.

சிவப்புக் கிட்னி பீன்ஸ் விஷயத்தில் மட்டும் குறுக்குவழி கூடாது. வேகாத நாலைந்து பயறுகூடக் கடும் வாந்தியைத் தரலாம், அதில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் அப்படிப்பட்டது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் முப்பது நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். கொதிநிலைக்குக் கீழே மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போடாதீர்கள். டப்பாவில் வருவது ஏற்கெனவே வெந்தது, கவலை இல்லை.

## பாஸ்தா கட்டியாக ஒட்டிக்கொண்டது, நூடுல்ஸ் உப்பாக இருக்கிறது

பாஸ்தா ஒட்டுவது முதல் இரண்டு நிமிடத்தில்தான். அப்போது நின்று கிளறுங்கள், பிறகு அதுபாட்டுக்கு வேகும். நீரில் எண்ணெய் விடுவதால் பயன் இல்லை, அது மேலேயே மிதக்கும். வடிக்கும் முன் அரைக் கப் வேகவைத்த நீரை எடுத்து வையுங்கள். அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் தக்காளியையும் எண்ணெயையும் பாஸ்தாவோடு சேர்த்துப் பிடிக்கும். ஏற்கெனவே கட்டியாகிவிட்டதையும் அந்த நீரை விட்டு வாணலியில் பிரித்துவிடலாம்.

உடனடி நூடுல்ஸ் 1958-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து தேர்வுக் காலத்தில் படிக்கிறவர்களைக் காத்துவருகிறது, நான் அதைத் திட்டப்போவதில்லை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது, அதில் பெரும்பங்கை ஒரே பொட்டலம் தின்றுவிடக்கூடும். மசாலாவில் பாதியைப் போடுங்கள். மீதிப் பாதியை நாளை முட்டையில் தூவலாம். வேகும் கடைசி நிமிடத்தில் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி கீரையும் சேர்த்தால் அது பொட்டலத்துச் சாப்பாடாகவே தெரியாது. மின்கெண்டியில் நூடுல்ஸ் வேகவைக்க வேண்டாம், நுரை பொங்கி மின்தளத்தில் இறங்கும். நீரை மட்டும் அதில் காய்ச்சுங்கள்.

## மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கிறது, நடு பனிக்கட்டி

பனிக்கட்டி நுண்ணலையை மிகக் குறைவாகவே உறிஞ்சும், நீர் நன்றாக உறிஞ்சும். ஆகவே முதலில் உருகிய ஓரம் மேலும் மேலும் சூடாகிறது, உறைந்த நடு அப்படியே கிடக்கிறது. முழு வேகத்தில் ஐந்து நிமிடம் வைப்பதைவிடப் பாதி வேகத்தில் வைத்து நடுநடுவே நிறுத்திக் கிளறுவது மேல். தட்டில் மலைபோலக் குவிக்காமல் நடுவில் குழிவிட்டு வளையமாகப் பரப்புங்கள். சோற்றுக்கு ஒரு கரண்டி நீர் தெளித்து மூடுங்கள். முட்டையை ஓட்டோடு வைக்காதீர்கள், வெடிக்கும். ஓடு உரித்த வேகவைத்த முட்டையும் வெடிக்கும், கடிக்கும்போதுகூட.

## வாணலியில் தீப்பிடித்துவிட்டது

இதைப் பிழை வரும் முன்பே படித்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். எரியும் எண்ணெயில் விழும் நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை அறை முழுக்கத் தூக்கி வீசும். அடுப்பை அணையுங்கள். மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முழுக்க ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். அடங்கவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். எண்ணெய் புகையத் தொடங்குவதே முன்னெச்சரிக்கை, அப்போதே தீயை அணைத்துவிட்டால் இந்தப் பத்திக்கு வேலை இல்லை.

## நேற்றைய சோறு வயிற்றைக் கெடுத்தது

கெட்ட வாடை இல்லையே, சூடாக்கித்தானே சாப்பிட்டேன் என்பார்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதியிலும் அவை பிழைக்கும். சோறு இரவெல்லாம் அடுப்பின் மேலேயே கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுசூட்டுக்கு அசைவதில்லை. ஆகவே காப்பாற்ற வேண்டியது மறுநாள் காலையில் அல்ல, முதல்நாள் இரவில். சாப்பிட்டு முடித்த கையோடு மீதியை அகலத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். உள்ளே 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. மறுநாளே, ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே தடவையில் தீர்த்துவிடுங்கள்.

அப்படிக் குளிர்ந்த சோறுதான் வறுக்கத் தோதானது. மாவுச்சத்து இறுகிப் பருக்கைகள் தனித்தனியாக நிற்கும். சூடான வாணலி, எண்ணெய், வெங்காயம், முட்டை, பிறகு சோறு, கடைசியில் உப்பும் மிளகுத்தூளும். பத்து நிமிடம்.

## சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி

தட்டைப் பாருங்கள். வெறும் சோறும் ஊறுகாயும், வெறும் ரொட்டியும் ஜாமும், வெறும் நூடுல்ஸ். வெந்த சோறு 100 கிராமில் புரதம் 3 கிராம்கூட இல்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், வெந்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம். சோற்றைக் கூட்டுவதற்குப் பதில் இவற்றில் ஒன்றைச் சேருங்கள், நார்ச்சத்துக்கு ஒரு காய். டப்பாக் கொண்டைக்கடலையை வடித்துக் கழுவி, வெங்காயம், எலுமிச்சை, எண்ணெய், உப்பு கலந்தால் அடுப்பே வேண்டாம்.

## ‘20 நிமிடத்தில் தயார்’ என்றது, ஒரு மணி நேரம் ஆனது

உங்கள் கை மெதுவாக இருப்பதாக நினைத்துக் குன்றிப் போகாதீர்கள். குறிப்பில் ‘நறுக்கிய வெங்காயம் 2’ என்று ஒரு வரி வருகிறதே, அந்த வரிக்குள் பத்து நிமிடம் ஒளிந்துகிடக்கிறது. ‘கொதிக்கும் நீரில்’ என்ற சொல்லுக்குள் இன்னும் எட்டு நிமிடம். குறிப்பு எழுதியவர் கடிகாரத்தை அதற்குப் பிறகுதான் தொடங்கினார்.

ஆகவே அறைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றும் முன் நீரை அடுப்பில் வையுங்கள். கொதி வருவதற்குள் நறுக்குங்கள். கத்தி மழுங்கியிருந்தால் தீட்டுங்கள், மழுங்கிய கத்தி தக்காளித் தோலில் வழுக்கி விரலைத்தான் தேடும். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் ஆடாது. விடுமுறை நாளில் ஆறு முட்டை வேகவைத்து ஓட்டோடு குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். நான்கு வெங்காயத்தைச் சேர்த்து வதக்கி டப்பாவில் வைத்தால் மூன்று நாளைக்குச் சமையலில் பாதி முடிந்தது. இதற்கு மேல் வாரம் முழுவதற்கும் பட்டியல் போட்டுச் சமைப்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் புதன்கிழமையே பட்டியல் செத்துப்போனது.

சாப்பிட உட்காரும் முன் வாணலியில் வெந்நீர் ஊற்றிவிட்டு உட்காருங்கள். சாப்பிட்டு எழும்போது அது ஊறி, ஒரே தேய்ப்பில் போகும் நிலையில் இருக்கும்.